எர்னி டேவிஸ்

எர்னி டேவிஸ் (டிசம்பர் 14, 1939 – மே 18, 1963) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். நியூ யோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் பல்கலைக்கழக அணிக்காக ஆடிய இவர், 1959 ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணி தேசிய வாகையர் பட்டம் வெல்லப் பெரும் பங்காற்றினார். கல்லூரிக் காற்பந்தாட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மன் விருதைப் பெற்ற முதல் கறுப்பின வீரர் இவரே. தொழில்முறை ஆட்டம் ஒன்றிலேனும் களமிறங்கும் முன்னரே, இரத்தப் புற்றுநோயால் தமது 23 ஆம் வயதில் காலமானார்.

இளமை

டேவிஸ் பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ சேலம் என்னும் ஊரில் பிறந்தார். இவர் பிறப்பதற்கு முன்பே தந்தை விபத்தொன்றில் இறந்துவிட்டார். எனவே யூனியன்டவுன் நகரில் தாய்வழிப் பாட்டன் பாட்டியரிடம் வளர்ந்தார். 12 ஆம் வயதில் நியூ யோர்க் மாநிலத்தின் எல்மைரா நகருக்குச் சென்று தாயுடன் வாழத் தொடங்கினார். அங்கு பள்ளியில் காற்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் ஆகிய இரண்டிலும் சிறந்து விளங்கினார். பல கல்லூரிகள் இவரை அழைத்தன. சிரக்கியூசின் முன்னாள் வீரரும் அக்காலத்தில் புகழின் உச்சியில் இருந்தவருமான ஜிம் பிரவுன் ஊக்குவித்ததால், டேவிஸ் அப்பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுத்தார். பிரவுன் அணிந்த 44 ஆம் எண் சட்டை இவருக்கு வழங்கப்பட்டது.

1959 ஆம் ஆண்டுப் பருவம்

அக்கால விதிகளின்படி முதலாமாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட இயலாது. ஆகவே 1959 ஆம் ஆண்டே டேவிஸின் முதல் பருவமாக அமைந்தது. அணியின் பயிற்றுநர் பென் சுவார்ட்ஸ்வால்டர். பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் தடுப்பை ஊடுருவி ஓடுவது டேவிஸின் பணியாக இருந்தது. அப்பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் அவர் 98 முறை பந்தை ஏந்தி ஓடி 686 கெஜங்கள் முன்னேறினார்.

சிரக்கியூஸ் அணி பத்து ஆட்டங்களிலும் வென்றது. அவற்றில் 390 புள்ளிகள் எடுத்து, 59 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. தாக்குதலிலும் தடுப்பிலும் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம் அவ்வணிக்குக் கிடைத்தது.

1960 சனவரி 1 அன்று டல்லாஸ் நகரில் நடந்த காட்டன் கிண்ண ஆட்டத்தில் சிரக்கியூஸ், டெக்சஸ் பல்கலைக்கழக அணியை எதிர்கொண்டது. தெற்கு மாநிலங்களில் இன ஒதுக்கல் நடைமுறையில் இருந்த காலம் அது. சிரக்கியூஸ் அணியிலோ டேவிஸ் உட்பட மூன்று கறுப்பின வீரர்கள் இருந்தனர். தொடைத் தசைநார்க் காயத்துடனேயே களமிறங்கிய டேவிஸ், ஆட்டத் தொடக்கத்திலேயே 87 கெஜம் நீண்ட ஒரு டச்டவுனை நிகழ்த்தினார். முதற்பாதியின் இறுதியில் இரு அணியினருக்கும் இடையே கைகலப்பும் மூண்டது. சிரக்கியூஸ் 23–14 என்ற கணக்கில் வென்று, 11 வெற்றிகளுடன் தோல்வியின்றிப் பருவத்தை முடித்தது. ஆட்டத்தின் சிறந்த வீரராக டேவிஸ் தேர்வு செய்யப்பட்டார்.

எனினும் விருது வழங்கும் விருந்தில், கறுப்பின வீரர்கள் விருதைப் பெற்றபின் அரங்கில் தங்கக்கூடாது என அறிவிக்கப்பட்டது. இதற்கு அணியினர் எவ்வாறு எதிர்ப்புத் தெரிவித்தனர் என்பது பற்றி அவர்களின் நினைவுகள் வேறுபடுகின்றன. வெற்றிக்கு வழிவகுத்தவருக்கே வெற்றி விருந்தில் இடம் மறுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஹைஸ்மன் விருது

மூன்று பருவங்களில் டேவிஸ் மொத்தம் 2,386 கெஜங்கள் ஓடி, ஜிம் பிரவுனின் பல்கலைக்கழகச் சாதனைகளை முறியடித்தார். 1961 ஆம் ஆண்டு ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. விருது பெற நியூ யோர்க் நகருக்குச் சென்றபோது, அங்கிருந்த அதிபர் ஜோன் எஃப். கென்னடி அவரைச் சந்தித்து வாழ்த்தினார்.

தொழில்முறை அணியும் நோயும்

1961 டிசம்பரில் நடந்த தேசியக் காற்பந்தாட்டக் கூட்டிணைவின் வீரர் தேர்வில், வாஷிங்டன் அணி டேவிஸை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. இவ்வாறு முதலிடத்தில் தேர்வான முதல் கறுப்பினத்தவர் இவரே. அதுவரை கறுப்பின வீரர்களைச் சேர்க்க மறுத்து வந்த ஒரே அணி வாஷிங்டன் ஆகும். அதன் புதிய விளையாட்டரங்கம் கூட்டரசின் நிலத்தில் அமைந்திருந்ததால், கென்னடி அரசு கொடுத்த நெருக்குதலே அணியின் நிலைப்பாட்டை மாற்றியது. பின்னர் பொபி மிட்செல் என்ற வீரரைப் பெறுவதற்காக வாஷிங்டன், டேவிஸின் உரிமையை கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அவ்வணியில் ஜிம் பிரவுனும் டேவிஸும் இணைந்து ஆடுவர் எனப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது.

1962 கோடையில் பயிற்சியின்போது டேவிஸ் நோயுற்றார். பரிசோதனையில் அவருக்குக் கடுமையான இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சில மாதங்களில் நோய் தணிந்ததால் ஆட விரும்பினார். ஆயினும் பயிற்றுநர் போல் பிரவுன் அதற்கு இணங்கவில்லை. தம்மைத் துரதிர்ஷ்டசாலியாகத் தாம் கருதவில்லை என்று 1963 இல் வெளியான இதழ்க் கட்டுரையொன்றில் டேவிஸ் தெரிவித்தார். அதே ஆண்டு மே 18 அன்று கிளீவ்லாந்தில் காலமானார். அவரது உடல் எல்மைராவின் வுட்லோன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. எழுத்தாளர் மார்க் டுவைனின் கல்லறையும் அங்கேயே உள்ளது.

நினைவு

டேவிஸ் ஒருமுறைகூட அணிந்து ஆடாத 45 ஆம் எண்ணை கிளீவ்லாந்து அணி அவருக்கு மதிப்பளித்து வேறு எவருக்கும் வழங்காமல் நிறுத்தியது. 1979 இல் கல்லூரிக் காற்பந்தாட்டப் புகழவையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் 2005 இல் 44 ஆம் எண்ணுக்கு ஓய்வளித்தது. அவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு 'தி எக்ஸ்பிரஸ்' என்ற திரைப்படம் 2008 இல் வெளியானது.