ரேடியோவுக்குள் ஒரு ஆம்ஸ்ட்ராங்

ஆம்ஸ்ட்ராங் என்றதும் நிலாவில் கால் வைத்தவர்தான் நம் எல்லோருக்கும் நினைவு வருகிறார். நம் துறைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் வேறு. பழைய ரேடியோ எதன் பின்மூடியைக் கழற்றினாலும் உள்ளே அவர்தான் உட்கார்ந்திருப்பார். பெயர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்.

1890 டிசம்பர் 18-ல் நியூயார்க்கில் பிறந்தார். நோஞ்சான் பையன், கூச்ச சுபாவம். மார்க்கோனியைப் பற்றிப் படித்ததும் கம்பியில்லாத் தந்திப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வீட்டுத் தோட்டத்தில் 125 அடிக்கு ஏரியல் கம்பம் நட்டு, அதில் தானே ஏறுவார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருக்கும்போதே, 1912-ல், வால்வின் அவுட்புட்டில் கொஞ்சம் எடுத்து மறுபடி இன்புட்டுக்கே கொடுத்துப் பார்த்தார். ஹெட்போனில் முணுமுணுத்த சிக்னல் அறை முழுக்கக் கேட்டது! நம் லேபில் ஃபீட்பேக் கூடிப்போனால் சர்க்யூட் விசிலடிக்குமே, அந்த விசிலையும் ஆசிலேட்டராகப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் அவர்.

முதல் உலகப்போரின்போது பாரிசில் ராணுவப் பணி. 1918-ல் அங்கே பிறந்ததுதான் சூப்பர் ஹெட்டிரோடைன். ஐ.எஃப். 455 கிலோஹெர்ட்ஸ், எஃப்.எம். என்றால் 10.7 மெகாஹெர்ட்ஸ் என்று வைவாவில் நாம் ஒப்பிக்கிறோமே, அதற்கெல்லாம் மூலவர் இவர்தான். காப்புரிமைகளை விற்றதில் பணக்காரர் ஆனார். ஆர்.சி.ஏ. கம்பெனியின் பெரிய பங்குதாரரும் ஆனார். அங்கே டேவிட் சார்னாஃபிடம் செகரட்டரியாக இருந்த மரியனை 1923-ல் மணந்தார். கல்யாணப் பரிசு என்ன தெரியுமா? கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு சூப்பர்ஹெட் ரேடியோ!

மழைக்காலத்தில் மீடியம் வேவ் கேட்டவர்களுக்குக் கரகரப்பு என்றால் என்னவென்று தெரியும். ஆரணியில் தறிச்சத்தத்தோடு அதையும் சகித்துக்கொண்டு பாட்டுக் கேட்ட வீடுகள் எத்தனையோ. அந்தக் கரகரப்பை ஒழிக்க ஆம்ஸ்ட்ராங் பல வருடம் மல்லுக்கட்டினார். அலைவரிசையை மாற்றும் முறையில் லாபமில்லை என்று 1922-லேயே ஜான் கார்சன் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அந்தக் கணக்கு குறுகிய அலைவரிசைக்கு. இவரோ அகலமாக்கிப் பார்த்தார். சத்தம் சுத்தமாக வந்தது. 1933 டிசம்பர் 26-ல் எஃப்.எம். காப்புரிமைகள் கிடைத்தன.

சோதனை ஜெயித்தும் ஆர்.சி.ஏ.வுக்கு டெலிவிஷன்தான் முக்கியமாகப் பட்டது. எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் இருந்த அவர் கருவிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். மனிதர் அசரவில்லை, சொந்தக் காசில் ஆல்பைன் என்ற ஊரில் கோபுரம் கட்டி ஒலிபரப்பினார். 1945-ல் அடுத்த அடி. அமெரிக்க அரசு எஃப்.எம்.மை 42-50 மெகாஹெர்ட்சிலிருந்து 88-108-க்கு மாற்றியது. மக்கள் வாங்கிய லட்சக்கணக்கான செட்டுகள் வீணாப் போச்சு. காப்புரிமைப் பணம் கேட்டு 1948-ல் ஆர்.சி.ஏ. மீது வழக்குப் போட்டார். வழக்கு அவருக்குப் புதிதல்ல. ரீஜெனரேட்டிவ் சர்க்யூட் டி ஃபாரஸ்டுக்குத்தான் சொந்தம் என்று 1934-ல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. ரேடியோ எஞ்சினியர்கள் கொடுத்த பதக்கத்தை அவர் திருப்பித்தரப் போனபோது சங்கத்தார் வாங்க மறுத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய தீர்ப்பு.

1953-ல், பணமும் உடம்பும் கரைந்துகொண்டிருந்த நேரத்தில், ஜான் போஸுடன் சேர்ந்து ஒரே எஃப்.எம். நிலையத்தில் இரண்டு நிகழ்ச்சிகளை ஒரே சமயத்தில் அனுப்பிக்காட்டினார். 1961-ல் அமெரிக்காவில் வந்த ஸ்டீரியோ ஒலிபரப்பும் இந்த வழியில் வந்ததுதான். இடதும் வலதும் கூட்டியது கீழே போகும். கழித்தது 38 கிலோஹெர்ட்சில் ஏறிப் போகும். 19 கிலோஹெர்ட்சில் பைலட் என்று ஒரு சின்ன டோன் வழிகாட்டும். இது தெரிந்தால் பழைய செட்டில் ஸ்டீரியோ போய்விட்டது என்று யாராவது கொண்டுவரும்போது கண்டபடி ஐ.எஃப். காயிலைத் திருக மாட்டோம். விளக்கு எரியவில்லையா? முதலில் பல்பைப் பாருங்கள், சிரிக்காதீர்கள்! அடுத்து மோனோ சுவிட்சின் கான்டாக்ட், பிறகு ஏரியல். சென்னை நம் ஊருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். சிக்னல் பலவீனமானால் செட் தானே மோனோவுக்கு இறங்கும், அது கோளாறு இல்லை. பலமான நிலையத்திலும் எரியாவிட்டால்தான் டிகோடரின் 19 கிலோஹெர்ட்ஸ் காயில் அல்லது பிரீசெட்டைத் தொட வேண்டும், அதுவும் பழைய இடத்தைக் குறித்துக்கொண்டு. விளக்கு எரிந்தும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் என்றால் பைலட் வந்துவிட்டது, கழித்த சிக்னல்தான் வழியில் எங்கோ தொலைகிறது.

ஸ்டீரியோ விளக்கு எரிவதைப் பார்க்க அவர் இல்லை. வழக்கு முடியாமல் இழுத்தது. கோபத்தில் மனைவியோடும் மனஸ்தாபமாகி, அவர் தன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். 1954 ஜனவரி 31 இரவு, 63 வயதில், ஆம்ஸ்ட்ராங் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த அம்மா மரியன் விடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்தது. மற்ற கம்பெனிகள் மீதும் ஒவ்வொன்றாக வழக்கு நடத்தி, கடைசியாக மோட்டோரோலாவை 1967-ல் ஜெயித்தார். அதற்குப் பத்து வருடம் கழித்து, 1977 ஜூலை 23-ல், இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பை ஆகாசவாணி நம் மெட்ராசில்தான் தொடங்கியது.