லேபிள் பார்க்காத நாக்கு: வண்ணார்பேட்டை 'ரசிகமணி'யின் கதை

1976-ல் பாரிஸில் ஒரு ஒயின் போட்டி நடந்தது. எந்த பாட்டில் எந்த எஸ்டேட் என்று காட்டாமல், வெறும் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். சுவைத்து மார்க் போட்டவர்கள் பிரெஞ்சு நிபுணர்கள். ரிசல்ட் வந்ததும் ஆடிப்போயிட்டாங்க. போர்டோவின் பெரிய பெரிய எஸ்டேட்டுகளின் சிவப்பு ஒயினை எல்லாம் தாண்டி, கலிஃபோர்னியா ஒயின் ஒன்று முதலிடம் பிடித்திருந்தது. லேபிள் தெரிஞ்சிருந்தா அந்த மார்க் விழுந்திருக்குமா?

இதே விளையாட்டை, அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தாமிரபரணிக் கரையில் ஒருத்தர் ஆடியிருக்கிறார். ஒயினை வைத்து இல்ல, பாட்டை வைத்து.

டி.கே.சிதம்பரநாத முதலியார். 1882-ல் பிறந்தவர், தென்காசிக்காரர். பி.எல். முடித்துவிட்டு திருநெல்வேலியில் வக்கீல் தொழில். ஆனால் மனசு கோர்ட்டில் இல்லை. 1920-களில் ஞாயிறு சாயங்காலம் ஆனால் வண்ணார்பேட்டை வீட்டின் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்று பேர். மேடை கிடையாது, மாலை மரியாதை கிடையாது. ஒரு பாட்டை எடுப்பார். நிறுத்தி, நிதானமாக, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒயின் நிபுணர்கள் ஒரு மடக்கை உடனே விழுங்காமல் வாயிலேயே வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. அகராதி அர்த்தம் அப்புறம்தான். ஓசையும் உணர்ச்சியும் சேருதான்னு முதல்ல காது சொல்லணும்.

இவர் ரசனைக்கு ஆசிரியர் பேர் அவசியமே இல்லை. முத்தொள்ளாயிரத்தை எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது. நூறு சொச்சம் பாடல்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதற்கு உரை எழுதி சாதாரண வாசகர் கையில் கொடுத்தவர் இவர். எளிய தமிழில் பாடிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை, பண்டிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படாமல் ஊரெல்லாம் கொண்டாடினார்.

பிறகு இந்து அறநிலைய ஆணையர் பதவி. அதெல்லாம் முடிந்து குற்றாலத்தில் குடியேறினார். அங்கே ஓடும் சிற்றாறும் கடைசியில் தாமிரபரணியில்தான் போய்ச் சேருகிறது. ராஜாஜி, கல்கி என்று விருந்தாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். அருவிக் குளியல், பசியோடு சாப்பாடு, அப்புறம் கம்பன். (இந்த ஆர்டரை மாத்தக் கூடாது என்பது என் கட்சி!)

சிக்கல் வந்தது அந்தக் கம்பனில்தான். கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் பாடல்கள். அதில் பெரும்பகுதி கம்பன் பாடியதே இல்லை, பின்னால் வந்தவர்கள் செருகியது என்றார் டி.கே.சி. எப்படிக் கண்டுபிடித்தார்? நாக்கில் வைத்தே! ருசி இல்லையா, அது கம்பன் இல்லை. அதோடு நிற்கவில்லை. ஓசை இடறும் இடங்களில் சொல்லையே மாற்றி, கம்பன் இப்படித்தான் பாடியிருக்க முடியும் என்று அச்சிட்டார்.

தமிழறிஞர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. உ.வே.சா. போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து ஏடு சேர்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பாடம் குறித்த காலம் அது. ஏட்டில் இல்லாத சொல்லை ரசனையை மட்டும் நம்பி எப்படி வைப்பது? எனக்கும் இங்கே டி.கே.சி-யோடு உடன்பாடில்லை. இந்த ஒயின் சுமார் என்று நிபுணர் தாராளமாகச் சொல்லலாம். பாட்டிலைத் திறந்து தன் கைப்பக்குவத்தைக் கலந்தால், அப்புறம் அது அந்த எஸ்டேட் சரக்கா? பெரிய கவிஞனும் சில நாள் சுமாராக எழுதுவான் என்பதற்கு அவர் இடமே வைக்கவில்லை.

ஆனால் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து வெறுத்துப்போயிருந்த கம்பனை, பலருக்குப் பிடித்த கம்பனாக மாற்றியதும் இதே நாக்குதான். 'ரசிகமணி' பட்டம் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

1954-ல் மறைந்தார். அவர் தேர்ந்தெடுத்த பாடல்கள் 'கம்பர் தரும் ராமாயணம்' என்ற நூலாக இருக்கின்றன. அவர் ஒதுக்கியவை முழுப் பதிப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. ஏதாவது ஒரு படலத்தை எடுத்து, எது எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஃப்ரெண்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க.