வெப்பத்திற்குக் கணக்கு எழுதிய மருத்துவர்

வேதியியல் மாணவர் எவரையும் நள்ளிரவில் தட்டி எழுப்பி, ஹெஸ் விதி யாது என்று கேட்டாலும் உடனே ஒப்பித்துவிடுவார். நானும் அப்படித்தான் ஒப்பித்து வந்தேன். ஒரு வினை ஒரே படியில் நிகழ்ந்தாலும் பல படிகளில் நிகழ்ந்தாலும் மொத்த வெப்பமாற்றம் ஒன்றே. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னே ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அவர் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, விதியைவிட அவ்வாழ்வே எனக்குப் பெரும் பாடமாயிற்று. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் 1802ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் பிறந்தார். தந்தை ஓர் ஓவியர். ஹெஸ் சிறு குழந்தையாய் இருந்தபோதே குடும்பம் ருஷ்ய நாட்டிற்குக் குடிபெயர்ந்தது. அதுவே அவருக்குத் தாய்நாடு ஆயிற்று. டோர்பாட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1825இல் பட்டம் பெற்றார். அவ்வூர் இன்று எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு என வழங்குகிறது.

நோய் நாடும் கலையைக் கற்றவரின் நெஞ்சம் வேதியியலிலேயே தோய்ந்திருந்தது. பட்டம் பெற்றதும் அவர் ஸ்டாக்ஹோம் சென்று, அந்நாளில் வேதியியல் உலகின் பேராசானாய் விளங்கிய பெர்சீலியசைச் சந்தித்தார். அங்குத் தங்கியது ஏறத்தாழ ஒரு மாதமே. ஆயினும் அத்தொடர்பு அவர் வாழ்நாள் முழுவதும் ஒளி தந்தது. பின்னர் யூரல் மலைப்பகுதியில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் மருத்துவராய்த் தொழில் செய்தார். 1830இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வந்தபின் வேதியியலே அவருடைய முழுநேரப் பணியாயிற்று. அவர் எழுதிய வேதியியல் பாடநூல் 1831இல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டு, ருஷ்ய மாணவர்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டியது. அவருடைய மாணவர் வோஸ்கிரெசென்ஸ்கியிடம் பயின்றவரே தனிம அட்டவணை தந்த மெண்டலீவ்.

இனி அவருடைய பெருஞ்சோதனைக்கு வருவோம். அடர் கந்தக அமிலத்தை நீரில் கலந்தால் முகவை சுடுகிறது. அந்த அமிலத்தை அம்மோனியாவால் நடுநிலையாக்கினால் மேலும் வெப்பம் வெளிப்படுகிறது. ஹெஸ் வெவ்வேறு அளவு நீர் கலந்து இவ்விரு வெப்பங்களையும் தனித்தனியே அளந்தார். நீர் கலக்கும்போது மிகுதியாய் வெப்பம் வந்த இடத்தில், நடுநிலையாக்கலின்போது அதே அளவிற்குக் குறைந்து வந்தது. இரண்டையும் கூட்டினால் சிறு வேறுபாடு தவிர ஒரே தொகை! 1840இல் இதனை விதியாக வெளியிட்டார். மலைக்கோயிலுக்குப் படிவழியே ஏறினாலும் சுற்றுப்பாதையில் ஏறினாலும், மலையின் உயரம் மாறுவதில்லை அன்றோ?

ஆற்றல் அழியாமை பற்றி மேயர் எழுதியது 1842இல். ஜூல் தம் சோதனை முடிவை அறிவித்தது 1843இல். அவர்களுக்கு முன்னரே, வேதிவினை என்னும் ஒரு துறைக்குள் அவ்வுண்மையின் ஒரு கூற்றை ஹெஸ் கண்டுவிட்டார்.

அதனால் விளைந்த பயன் சிறிதன்று. கரியை எரித்து கார்பன் மோனாக்சைடு மட்டும் உண்டாக்கி அதன் வெப்பத்தை அளக்க இயலாது. கரியமில வாயுவும் உடன் தோன்றிவிடும். ஆனால் கரி முழுதும் எரிந்தால் ஒரு மோலுக்கு 393.5 கிலோஜூல் வெளிப்படும். மோனாக்சைடு எரிந்தால் 283 கிலோஜூல் வெளிப்படும். கழித்தால் 110.5 கிலோஜூல். அளக்க முடியாததைக் கணக்கால் அறிந்துவிட்டோம்!

என்னை மிகவும் நெகிழ வைத்தது வேறொன்று. ஹெஸ் தேடியது இவ்விதியை மட்டுமன்று. தனிமங்கள் எளிய முழுவெண் விகிதங்களில் கூடுவதுபோல, வெப்பமும் அத்தகைய விகிதங்களிலேயே வெளிப்படும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை பிற்கால அளவீடுகளால் பொய்த்தது. இரு நடுநிலை உப்புக் கரைசல்களைக் கலந்தால், வீழ்படிவு தோன்றாதபோது, வெப்பமாற்றம் இல்லை என்பதையும் அவர் கண்டார். அதற்கு விளக்கம் கிடைத்தது அரீனியசின் அயனிக் கொள்கை 1887இல் விரிவாக வெளிவந்த பிறகுதான்.

அதைக் காண அவர் இல்லை. உடல்நலம் குன்றி 1848இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1850இல் தம் 48ஆம் வயதில் மறைந்தார். அவருடைய கட்டுரைகளை ஆஸ்ட்வால்ட் 1890இல் தம் நூல்வரிசையில் மீண்டும் வெளியிட்டு உலகிற்கு நினைவூட்டினார்.

கருத்து பிழைத்தது, அளவீடு நிலைத்தது. ஏன்? எண்களைத் தம் விருப்பத்திற்கு வளைக்காமல், கண்டதைக் கண்டவாறே அவர் எழுதி வைத்தார். இதைப் படித்தபோது நான் தலைகுனிந்தேன். நடுநிலையாக்கல் வெப்பம் காணும் செய்முறையில் ஏறத்தாழ 57 கிலோஜூல் வரவேண்டும் என்று முன்பே அறிந்து, வெப்பமானி காட்டியதை விடுத்து, விடைக்கேற்ற எண்ணைப் பதிவேட்டில் எழுதியவன் நான். மதிப்பெண் கிடைத்தது, ஆனால் அன்று நான் எதையும் அளக்கவில்லை.

அடுத்த முறை வெப்பமானி காட்டுவதையே எழுதுவேன். அதுவே அப்பெருமகனுக்கு நான் செலுத்தக்கூடிய அஞ்சலி.