மருந்துக்கு உரிய பெயர்: பேராசிரியர் சேனக பிபிலே

கண்டி நகரை அணைத்து நிற்கும் ஹந்தானை மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, ஏழு மாதக் கர்ப்பத்துடன் சிகிச்சை நிலையத்துக்கு வருகிறாள் என்று கொள்வோம். தலை இடிக்கிறது, கண்முன் மின்மினி பறக்கிறது, முகமும் கால்களும் வீங்கியுள்ளன. மருத்துவமாது குருதியமுக்கத்தை அளக்கிறாள். 160க்கு 110. சிறுநீரில் புரதமும் காண்கிறது. தாமதியாது அவளைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புகின்றனர். அங்கே அமுக்கத்தைத் தணிக்க நிபெடிப்பினோ லபெற்றலோலோ கொடுப்பர்; வலிப்பு வாராமற் காக்க மகனீசியம் சல்பேற்றை ஏற்றுவர். இவை அம்மருந்துகளின் சொந்தப் பெயர்கள். கம்பனிகள் இட்ட வாணிபப் பெயர்களல்ல. மருந்தை அதற்கு உரிய பெயரால் அழைத்து, ஏழைக்கும் எட்டும் விலையில் வாங்க வேண்டும் என்ற வழக்கை இத்தீவில் நிலைநாட்டப் பாடுபட்டவர்களுள் தலையாயவர் பேராசிரியர் சேனக பிபிலே.

அன்னார் மகப்பேற்று வைத்தியரல்லர். ஆயினும், மருந்தின் விலையும் நேரமும் உயிரோடு நேரே பிணைந்து நிற்கும் இடம் கர்ப்பகால உயர் குருதியமுக்கத்தைப் போல் வேறில்லை. ஆதலால் அந்நோயின் இயல்பை முதலிற் சிறிது அறிந்துகொள்வோம்.

கருவுற்ற பெண்ணின் உடலில் ஓடும் குருதியின் அளவு ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. அவ்வாறு கூடியும் அமுக்கம் ஏறுவதில்லை; நடுமாதங்களில் சற்று இறங்கவே செய்கிறது. புரொஜெஸ்தரோன் முதலிய ஓமோன்கள் குருதிக் குழாய்களைத் தளர்த்தி வழிவிடுவதே காரணம். சிலருக்கு இவ்வொழுங்கு குலைகிறது. நச்சுக்கொடிக்குக் குருதி கொண்டுவரும் நாளங்கள் வேண்டிய அளவு விரிவதில்லை. குருதிப் பஞ்சத்தால் வாடும் நச்சுக்கொடி, தாயின் குருதியிற் சில புரதங்களை மிகுதியாக விடுகிறது. அவை குழாய்களின் உட்சுவரைப் பேணும் காரணிகளைக் கட்டிப்போடுகின்றன. குழாய்களை இறுக்கும் அஞ்சியோதென்சின் என்னும் ஓமோனுக்கு, முன்பு அசையாதிருந்த உடல் இப்போது எளிதில் மசிகிறது. இருபது வாரங்களுக்குப் பின் அமுக்கம் 140க்கு 90ஐத் தாண்டுகிறது. சிறுநீரகமும் ஈரலும் மூளையும் தாக்குண்ணுகின்றன. இறுதியில் வருவது வலிப்பு. நச்சுக்கொடி நீங்கினாலன்றி நோய் முற்றாகத் தீராது. அதுவரை தாயையும் சேயையும் காப்பவை மருந்துகளே.

அம்மருந்துகளோ ஆடம்பரமானவை அல்ல. மகனீசியம் சல்பேற்று, நம் வீடுகளிற் பேதிக்குக் கொடுத்த எப்சம் உப்பேயாகும். அது கர்ப்பகால வலிப்பின் அபாயத்தைப் பாதியாகக் குறைக்கும் என்பதை, 33 நாடுகளில் ஏறக்குறைய 10,000 பெண்களிடையே நடந்து 2002இல் வெளியான ஆய்வு ஐயமற நிறுவிற்று. மலிந்த மருந்து மட்டமான மருந்தன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இவ்வுண்மைக்காகவே பிபிலே தம் வாழ்வைச் செலவிட்டார்.

1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள், ஊவா மாகாணத்துப் பிபிலையில், வளவு வாழ்வுடைய பிரபுக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்றார். கொழும்பில் மருத்துவங் கற்று 1945இல் முதல் வகுப்பிற் தேறினார். எடின்பரோ சென்று மருந்தியலில் ஆராய்ந்து 1952இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1958இல் மருந்தியற் பேராசிரியரானார். செல்வக் குடியிற் பிறந்தும் அவர் உள்ளம் ஏழைகளின் பக்கமே சாய்ந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் கொள்கையை ஏற்று நின்றார்.

பின்னர் அவர் மீண்டும் கண்டிப் பக்கம் வந்தார். பேராதனையில் மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாய் விளங்கினார். மாணவன் பாடத்தை ஒப்புவிப்பதோடு அமையாது, நோயாளியின் முன் நின்று சிந்திக்கப் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. மருந்து எழுதும் ஒவ்வொரு முறையும் மூன்று வினாக்களுக்கு விடை காண வைத்தியன் கடமைப்பட்டவன் என்று அவர் கருதினார். இம்மருந்து பயன்படுமா? தீங்கு செய்யாதா? இதே பயனைக் குறைந்த விலையில் தருவது வேறுண்டா?

அக்காலத்தில் ஒரே மருந்து பல கம்பனிகளின் பல பெயர்களிற் கப்பலேறி வந்தது. பெயருக்கேற்ப விலையும் பன்மடங்கு வேறுபட்டது. நாட்டின் அந்நியச் செலாவணி அவ்வழியே கரைந்தது. 1971இல் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் இணைந்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அளித்தனர். தேவையான மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்தல், உரிய பெயராலேயே அவற்றை வழங்குதல், நாடு முழுவதற்கும் ஒரே நிறுவனம் உலகெங்கும் கேள்விப்பத்திரங் கோரி வாங்குதல் என்பனவே அதன் சாரம். அவ்வாண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. பிபிலே அதன் முதற் தலைவரானார். நாட்டில் இறக்குமதியான ஏறக்குறைய 2,100 மருந்து வகைகள் 600 அளவிற் சுருங்கின. சிறிய நாடொன்று மொத்தக் கொள்வனவாளனாய் நின்று விலை பேசிய காட்சி, வளர்முக நாடுகளின் கண்களைத் திறந்தது.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. பன்னாட்டுக் கம்பனிகள் வெகுண்டன. வைத்தியர்களிற் பலரும் மலிந்த மருந்தின் தரத்தை ஐயுற்றனர். அவ்வையத்தை முற்றாகத் தள்ளிவிடலாகாது. தரம் பாராது மலிவை மட்டும் நோக்கி வாங்கினால் அதுவும் நோயாளிக்குத் துரோகமே. பரிசோதனையும் விலையும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்பதை ஒப்பினால்தான் இக்கொள்கை நிற்கும்.

1976இற் கூட்டுத்தாபனத் தலைமையை விட்ட பின், இவ்வனுபவத்தைப் பிற நாடுகளுக்கும் எடுத்துரைக்க ஐக்கிய நாடுகளின் வாணிப அபிவிருத்தி மாநாட்டின் பணியில் ஈடுபட்டார். அப்பணி நிமித்தம் கயானா சென்றிருந்தபோது, 1977 செப்ரெம்பர் 29ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயதிற் காலமானார். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. அப்பட்டியலின் இன்றைய பதிப்பில் மகனீசியம் சல்பேற்றுக்கும் இடமுண்டு. கர்ப்பகால அமுக்கத்தை வாரக்கணக்கிற் கட்டுப்படுத்தும் பழைய மருந்தான மெதில்டோபாவுக்கும் இடமுண்டு.

இலங்கையில் 1977இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் அவர் கட்டிய வேலி தளர்ந்தது. தனியார் இறக்குமதி மீண்டும் பெருகிற்று. 2015இல் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபைக்குச் சட்டம் இயற்றப்பட்டபோது அவர் பெயரே யாவர் நாவிலும் இருந்தது. எனினும் 2022 மார்ச்சில், செலாவணி வற்றிய வேளையில், அவர் பணிபுரிந்த அதே பேராதனையிலுள்ள போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் அவர் அஞ்சியது இந்நிலைக்கே.

1930களில் இத்தீவில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை முப்பதை ஒட்டி நிற்கிறது. மருத்துவமாதரின் கால்நடையும், இலவச வைத்தியமும், பெண் கல்வியும் சேர்ந்து ஈட்டிய வெற்றி இது. இவற்றோடு வேண்டிய வேளையில் மருந்து அலுமாரியில் இருந்ததும் சேரும். ஹந்தானைப் பெண்ணுக்குப் பிபிலேயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவள் வந்து சேரும் இரவில் அந்த அலுமாரி வெறுமையாய் இராதிருக்குமானால், அதுவே அப்பேராசிரியருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.