தன் தொடையிலேயே சோதித்த டாக்டர்

இளைஞர்களே, இன்றைக்கு நம்ம பாட்டிமார் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறார்களே, அதற்கு வழி போட்டவர் ஜான் சார்ன்லி. 1911-இல் இங்கிலாந்தில் பிறந்தவர்.

முதலில் டெஃப்லானில் மூட்டுக் கிண்ணம் செய்து சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். வலி போனது, நடந்தார்கள். ஆனால் சில வருஷத்திலேயே கிண்ணம் தேய்ந்தது. உதிர்ந்த தூளை உடம்பு ஏற்கல. சுற்றியிருந்த சதை கெட்டது. சார்ன்லி ஓடி ஒளியல. மறுபடியும் அறுவை செய்து அவரே சரிசெய்தார்.

1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அதையும் சும்மா நம்பல. இரண்டு பொருளையும் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்தார். டெஃப்லான் போன இடத்தில் கட்டி, மற்றதில் ஒன்றுமில்லை.

உடம்பு ஏற்றால் மட்டும் போதுமா? காற்றிலுள்ள கிருமி மூட்டில் ஒட்டினால் சீழ்தான். அதனால் வடிகட்டிய காற்று வீசும் தனி அறைக்குள் அறுவை செய்தார். நூற்றுக்கு ஏழெட்டாக இருந்த தொற்று, ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

1977-இல் சர் பட்டம் பெற்றார், 1982-இல் மறைந்தார். இன்று கிருமியைத் தடுக்கும் வெள்ளிப் பூச்சு மூட்டுகளும் வந்துவிட்டன. தவறு நடந்தால் மறைக்காதே, திருத்து. இதுதான் அவர் வாழ்க்கை நமக்குச் சொல்வது.