மணிக்கூண்டுக் கட்டடத்தின் பெயருக்குரிய சுல்தான்

மலாயா சுதந்திரம் பெற்ற காலத்தில் வந்த ஒரு வெள்ளி அஞ்சல்தலையில் கோலாலம்பூர் மணிக்கூண்டுக் கட்டடம் இடம்பெற்றது. அன்று அது வெறும் அரசாங்க அலுவலகம். இன்று அது சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். ஆனால் அந்தப் பெயருக்குரியவரின் வாழ்க்கை கோலாலம்பூரில் அல்ல, பந்திங்கை அடுத்த ஜுக்ராவில்தான் முடிந்தது.

1804-இல் கோலசிலாங்கூரில் பிறந்த அப்துல் சமாட், 1857-இல் சிலாங்கூரின் நான்காவது சுல்தானானார். முந்திய சுல்தான் முகமதுவுக்கு அவர் அண்ணன் தம்பி வழி மகன், மருமகனும்கூட. அரியணை கிடைத்ததே தவிர, அதிகாரம் கிடைக்கவில்லை. ஈயம் விளைந்த ஒவ்வோர் ஆற்றுப் பகுதியும் ஒவ்வோர் அரச குடும்பத்தாரின் கையில் இருந்தது. ஆற்றில் இறங்கும் ஈயத்துக்கு வரி வாங்குபவரே அங்கே ராஜா.

கிள்ளான் ஆற்று வரிக்காக ராஜா அப்துல்லாவும் ராஜா மஹாடியும் மோத, 1867-இல் கிள்ளான் போர் மூண்டது. சுல்தான் நேரடியாக இறங்கவில்லை. கெடா இளவரசரான தம் மருமகன் தெங்கு கூடினை 1868-இல் தம் பிரதிநிதியாக்கினார். சுல்தானின் மகன்களுக்கே அது பிடிக்கவில்லை. போர் ஏழு ஆண்டுகள் இழுத்தது, கோலாலம்பூர் எரிந்தது.

1873-இல் ஜுக்ரா கடலோரத்தில் நடந்த கொள்ளைச் சம்பவம் பிரிட்டிஷாருக்கு வாய்ப்பாக அமைந்தது. அடுத்த ஆண்டு போர்க்கப்பல்களுடன் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் லங்காட் வந்தார். 1875-இல் டேவிட்சன் முதல் ரெசிடெண்டாக அமர்ந்தார். அவருடன் கிள்ளானுக்கு வந்த இளம் எழுத்தர்தான் தம்புசாமி பிள்ளை. பிற்காலத்தில் மாநிலக் கருவூலப் பொறுப்பைப் பலமுறை தற்காலிகமாக வகித்தவர் அவர்.

சுல்தான் பலவீனமானவரா, நிதானமானவரா? அவரை ஆட்சியில் நாட்டமில்லாத முதியவராகவே பிரிட்டிஷ் அதிகாரிகள் எழுதி வைத்தனர். அந்தப் பதிவுகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எதிர்த்த பேராக் சுல்தான் அப்துல்லா சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அப்துல் சமாட் நாற்பது ஆண்டுகள் அரியணையில் இருந்தார்.

1880-இல் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. சுல்தான் ஜுக்ராவிலேயே இருந்துவிட்டார். அவர் காலத்தில்தான் 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. பத்துமலையில் முருகனுக்கு வழிபாடு தொடங்கியதும், கடல் கடந்து வந்த தமிழர்கள் பாதையிலும் தோட்டத்திலும் வியர்வை சிந்தியதும் இந்த ஆட்சியில்தான். நம் முன்னோரில் பலருக்கு இங்கே முதல் சுல்தான் அவரே.

கட்டடத்துக்கு 1894 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். நார்மனின் முதல் வடிவம் பொறியாளர் ஸ்பூனருக்குப் பிடிக்கவில்லை. வட இந்திய முகலாயக் கட்டடங்களின் சாயலில் வேண்டும் என்றார். பிட்வெல் வரைந்தார், ஹப்பேக் மெருகேற்றினார். ஏறக்குறைய 40 லட்சம் செங்கற்கள், 41 மீட்டர் மணிக்கூண்டு, செலவு 1,52,824 வெள்ளி. 1897 ஏப்ரலில் திறப்பு விழா. அதே ஆண்டு ஜூனில் மணி முதன்முதலாக ஒலித்தது விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக! ஜூலையில், தொண்ணூறைக் கடந்த சுல்தான் கோலகங்சாரில் நடந்த மலாய் ஆட்சியாளர்களின் முதல் மாநாட்டுக்குச் சென்று வந்தார். 1898 பிப்ரவரி 6-இல் காலமாகி, ஜுக்ரா குன்றில் அடக்கமானார். மகன் ராஜா மூடா மூசா முன்பே இறந்துவிட்டதால் பேரன் சுலைமான் அரியணை ஏறினார்.

1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கண்கலங்கிய சுல்தான் சலாஹுடின், அப்துல் சமாட்டின் எள்ளுப்பேரன். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கோலாலம்பூர் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு அதன் நினைவாக எழுந்தது. மணிக்கூண்டுக் கட்டடம் அப்துல் சமாட்டின் பெயரைப் பெற்றதும் அந்த 1970-களில்தான்.