ஐஸ்கிரீம் உருகியதால் பிறந்த மோட்டார்



கடற்கரைக்குப் போனவங்க எல்லாரும் மீன்பிடிப் படகோட பின்பக்கம் தொங்குற மோட்டாரைப் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பேரு அவுட்போர்டு மோட்டார். படகுக்குள்ளே வைக்காம வெளியே மாட்டுறதால அந்தப் பேரு வந்தது. வேலை முடிஞ்சா கழற்றித் தோளில் வச்சு வீட்டுக்கே கொண்டு போயிடலாம். இந்த மோட்டாரை உலகம் முழுக்கப் பரவச் செய்தவர் ஓலே எவின்ரூட். அவர் கதையைத்தான் இங்கே எழுதியிருக்கேன்.

கூடவே ஒரு கேள்வி. மோட்டாரின் குதிரைத்திறனை இரண்டு மடங்கு ஆக்கினால் படகின் வேகமும் இரண்டு மடங்கு ஆகுமா? ஆமாம்னு சொல்றவங்க கண்டிப்பா கடைசி வரை படிக்கணும்!

இளமை

ஓலே எவின்ரூட் 1877-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி நார்வே நாட்டில் பிறந்தார். அவருக்கு 5 வயது ஆனபோது குடும்பம் கப்பலேறி அமெரிக்கா போனது. விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்லி என்ற ஏரிக்குப் பக்கத்தில் விவசாயம் செய்தார்கள். வயல் வேலை இருந்ததால் ஓலேயின் பள்ளிப் படிப்பு சின்ன வகுப்போடு நின்று போச்சு. ஆனா படிப்பை அவர் விடலை. கிடைச்ச நேரத்தில் எல்லாம் கணக்கும் இயந்திரப் புத்தகங்களும் தானாகவே படிச்சார்.

அவருக்குப் படகு மேல கொள்ளை ஆசை. அப்பாவுக்கோ அது வெட்டி வேலை. சின்ன வயசுல ஓலே ஒளிஞ்சு ஒளிஞ்சு செய்த படகை அப்பா எரிச்சுட்டார் என்று சொல்வாங்க. பையன் சளைக்கலை, மறுபடியும் செய்தார். 16 வயசுல மேடிசன் நகருக்குப் போய் இயந்திரப் பட்டறையில் தொழில் கத்துக்கிட்டார். பிறகு பிட்ஸ்பர்க், சிகாகோ, மில்வாக்கி என்று பல ஊர்ப் பட்டறைகளில் வேலை பார்த்தார். 1900-ஆம் ஆண்டில் கூட்டாளியோடு சேர்ந்து சொந்தமா என்ஜின் செய்யத் தொடங்கினார்.

ஏரியில் ஒரு நாள்

இனிமே வர்றது எல்லாரும் விரும்பிச் சொல்ற கதை. 1906-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில். ஓலேயும் பெஸ் கேரி என்ற பெண்ணும் நண்பர்களோடு ஒக்காச்சி ஏரிக்கு உல்லாசப் பயணம் போயிருந்தாங்க. ஏரி நடுவில் ஒரு தீவு. பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை வந்துச்சு. ஓலே துடுப்பு போட்டுக் கரைக்குப் போய் வாங்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து மறுபடி துடுப்பு போட்டு வந்து சேர்ந்தார். அதுக்குள்ள ஐஸ்கிரீம் பாயசமா ஆயிடுச்சு! இதுக்கு ஒரு மோட்டார் இருந்தா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் நினைச்சாராம். அதே வருஷம் அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமும் நடந்தது.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். இந்த மாதிரி மோட்டாரை முதலில் செய்தவர் எவின்ரூட் இல்லை. அவருக்குச் சில வருஷம் முன்னாலேயே கேமரன் வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் செய்து விற்றிருக்கார். ஆனா நம்பிக்கையா ஓடுற மாதிரி, சாதாரண மீனவரும் வாங்குற மாதிரி செய்தது எவின்ரூட்தான். மேலே சுழல் சக்கரம், கீழே செங்குத்தா இறங்கும் தண்டு, அடியில் பற்சக்கரம், அதோடு விசிறி. அவர் வைத்த அந்த அமைப்புதான் இன்னிக்கும் அடிப்படை.

முதல் மாதிரியைப் பார்த்த பெஸ் அது காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்களாம். நண்பர் ஒருத்தர் அதை இரவல் வாங்கி ஏரிக்குக் கொண்டு போனார். திரும்பி வரும்போது பத்து பேரோட ஆர்டரும் பணமும் கையில்! 1909-ல் விற்பனை தொடங்கியது. இரும்பு மோட்டார், எடை 28 கிலோ, திறன் 1.5 குதிரைத்திறன், விலை 62 டாலர். கணக்கு வழக்கு, கடிதம், விளம்பரம் எல்லாம் பெஸ்தான் பார்த்தாங்க. நார்வே, டென்மார்க் பக்கத்து மீனவர்களுக்காகவும் நிறைய மோட்டார்கள் கப்பலேறிப் போயின.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். ஒரு ஆள் விடாம துடுப்பு போட்டா சராசரியா 0.1 குதிரைத்திறன் கொடுக்கலாம். அப்போ எவின்ரூட்டின் மோட்டார் 15 ஆளுக்குச் சமம். படகு 15 மடங்கு வேகமா போச்சா? இல்லவே இல்லை! துடுப்புல மணிக்கு சுமார் 3 கிலோமீட்டர் போன படகு மோட்டார்ல 8 கிலோமீட்டர் போச்சு. ரெண்டரை மடங்குதான்.

ஏன் இப்படி? வேகம் இரண்டு மடங்கானா தண்ணீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நாலு மடங்கு ஆகுது. அந்த எதிர்ப்பை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளணும்னா எட்டு மடங்கு திறன் வேணும். திருப்பிச் சொன்னா, குதிரைத்திறனை இரண்டு மடங்கு ஆக்கினா வேகம் கால் பங்குதான் கூடும்.

இன்னொரு தடையும் இருக்கு. படகு ஓடும்போது அதுவே அலை எழுப்பும். வேகம் கூடக் கூட அலையும் நீளும். ஒரு கட்டத்தில் அலை படகு நீளம் ஆயிடும். அப்புறம் படகு தன் அலை மேலேயே மலை ஏறுற மாதிரி திணறும். இதை ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் (1810–1879). 16 அடி நீளப் படகுக்கு இந்த எல்லை மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர். கனமான படகில் எவ்வளவு பெரிய மோட்டார் மாட்டினாலும் எண்ணெய்தான் காலியாகும்.

படகு எடை குறைவா, அடி தட்டையா இருந்தா அந்த எல்லையைத் தாண்டித் தண்ணி மேலே வழுக்கி ஓடும். அப்பவும் திறன் இரண்டு மடங்கானா வேகம் 1.4 மடங்கு தான். அதனால குதிரைத்திறனைக் கூட்டுறது மட்டும் போதாது, எடையைக் குறைக்கணும். மோட்டார் எடையும் அதில் சேர்த்தி!

விட்டுக்கொடுத்தவர்

தொழில் நல்லா வளர்ந்த நேரத்தில் பெஸ்ஸுக்கு உடம்பு ரொம்ப மோசமாச்சு. என்ன செய்யலாம்? 1914-ல் எவின்ரூட் தன் பங்கைக் கூட்டாளி கிறிஸ் மேயருக்கு விற்றார். ஐந்து வருஷம் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது என்ற நிபந்தனைக்கும் சம்மதிச்சார். தன் பேர் போட்ட கம்பெனியை விட்டுட்டு மனைவி, மகன் ரால்ஃபோடு ஊர் ஊரா ஓய்வாகச் சுத்தினார்.

ஆனா கை சும்மா இருக்குமா? புதுசா ஒரு மோட்டாரை வடிவமைச்சார். இரும்புக்குப் பதிலா அலுமினியம், ஒரு சிலிண்டருக்குப் பதிலா ரெண்டு. திறன் 3 குதிரைத்திறன், எடை சுமார் 22 கிலோ! திறன் இரு மடங்கு, எடை குறைவு. கெடு முடிந்ததும் முதலில் பழைய கூட்டாளிக்கே கொடுத்துப் பார்த்தார். அவர் வேண்டாம்னுட்டார். அதனால எல்டோ என்ற புது கம்பெனி தொடங்கி, தன் பேரோடு தானே போட்டி போட வேண்டி வந்தது! 1928-ல் நாலு சிலிண்டர், 18 குதிரைத்திறன் மோட்டார் வரை போனார். 1929-ல் ரெண்டு கம்பெனியும் ஒண்ணாச்சு; அவர் பேர் அவருக்கே திரும்பி வந்தது.

1933-ல் பெஸ் இறந்தாங்க. அடுத்த வருஷம், 1934 ஜூலை 12-ல், 57 வயதில் எவின்ரூட்டும் கண் மூடினார். மகன் ரால்ஃப் தொழிலைத் தொடர்ந்தார். எவின்ரூட் பேரில் மோட்டார் தயாரிப்பது 2020-ல் நின்று விட்டது.

நாம் கத்துக்க வேண்டியது

நண்பர்களே, படகில் பெரிய மோட்டார் மாட்டிட்டா மட்டும் வேகம் வந்துடாது. எந்தச் சுமையை இறக்கணும்னும் தெரியணும். எவின்ரூட் தன் கம்பெனியையே இறக்கி வச்சார். ஐந்து வருஷம் கழிச்சு வந்தவர், விட்ட இடத்தைத் தாண்டியே போனார். அடுத்த தடவை கடற்கரைக்குப் போனா மோட்டார்ல எழுதியிருக்கிற எண்ணை மட்டும் பார்க்காதீங்க. படகோட நீளத்தையும் சுமையையும் பாருங்க. வேகத்தை நீங்களே சொல்லிடலாம்!

– பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு